மாமாவுக்காகப் பொருத்திய ஏசி

எங்கள் பழைய அம்பாசிடரில் ஏசி பொருத்தியது குளிர்ச்சிக்காக என்று யாராவது நினைத்தால் தப்பு. பழிவாங்கத்தான் பொருத்தினேன். பவர் ஸ்டியரிங், பட்டன் ஜன்னல், சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா எல்லாமே அதற்குத்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மாமாவின் முகத்தை நினைத்துக்கொண்டே திருகினேன். அதனால்தானோ என்னவோ, இன்றுவரை ஒன்றுகூட லூசாகவில்லை.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. சிதம்பரத்தில் இருக்கிறார். நாங்கள் கடலூர் முதுநகர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகளுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். வைகாசி வெயில். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, நானும் அம்மாவும் மட்டும் அம்பாசிடரில் கிளம்பினோம். நான்கு ஜன்னலையும் திறந்து வைத்திருந்தோம். உள்ளே வந்தது காற்று இல்லை, அடுப்பு. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அம்மாவின் பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெற்றிக் குங்குமம் மூக்குவரை வழிந்துவிட்டது.

மண்டப வாசலில் பெரிய பூ வளைவு. அதன் ஓரத்தில் மாமாவின் புது வெள்ளை வண்டி, ரிப்பன் கட்டி, ஒரு யானைக்குட்டி மாதிரி நின்றது. அம்மா நடக்க வேண்டாமே என்று வளைவுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"டேய் மாப்ள, டேய் டேய்! இந்த டப்பாவ கொண்டாந்து இங்கியா நிறுத்துவ? மேல ட்ரோன் பறக்குது பாரு. எல்லாம் வீடியோல விழும்டா. பின்னாடி சமையக்கட்டுப் பக்கம் போ."

பிறகு குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்னாக்கா, தண்ணியிலேருந்து தூக்கிப் போட்டாப்ல இருக்க? நீயும் அப்டியே பின்பக்கமா வந்துடு. மூஞ்ச கழுவிட்டு வா, மொதல்ல."

பக்கத்தில் நின்ற நான்கைந்து பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் வண்டியை எடுத்துப் பின்னால் போனேன். அங்கே காஸ் சிலிண்டர்கள், வாழைத்தார், கத்தரிக்காய்க் காம்புகள். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாசலை அடைத்துக்கொண்டு தேங்கி நின்றது. அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, அந்தத் தண்ணீரில் கால் வைத்துத் தம்பி மகள் கல்யாணத்துக்குள் போனாள்.

அப்போதே முடிவு செய்தேன். இதே வண்டியில், இந்த ஆளுடைய விசேஷம் ஒன்றில், முன்வாசலில், ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் அம்மா இறங்க வேண்டும். அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

நான் படித்தது எலக்ட்ரிகல். வேலை வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டரில். வேலை முடிந்து நாற்காலியிலிருந்து எழுந்தால் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். அப்பா இந்த வண்டியை முதுநகர் ஸ்டேஷன் வாசலில் டாக்சியாக ஓட்டியவர். நான் டேஷ்போர்டை முழுசாகக் கழற்றிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "காருக்குள்ள ஏசி வெக்கிறியா, இல்ல ஏசிக்குள்ள காரு வெக்கிறியா?"

நியாயமான கேள்விதான். பழைய டைனமோ ஏசிக்குத் தேவையான கரண்டைத் தராது என்று தெரிந்ததும் அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தேன். ஸ்டியரிங்குக்கு, உடைக்கப் போட்ட ஒரு சின்னக் காரிலிருந்து மோட்டாரை எடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தேன். கட்டில் மாதிரி நீளமாக இருந்த முன்சீட்டைத் தூக்கிவிட்டுத் தனித்தனியாக இரண்டு சீட் போட்டேன். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறக்கும் ஜன்னல்களுக்கெல்லாம் மோட்டார் வைத்தேன். நாலு கதவு ஜன்னலுக்கும் பொத்தான் டிரைவர் பக்கம் மட்டும்தான். மற்ற கதவுகளுக்கு ஒயர் இழுக்க எனக்குப் பொறுமை இல்லை. கடைசியில் சென்ட்ரல் லாக். ஒரு தட்டு தட்டினால் நான்கு கதவும் ஒரே சமயத்தில் 'டொக்' என்று பூட்டிக்கொள்ளும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது தெருவில் தனியாக நின்று கை தட்டினேன்.

பழைய கார் பிரியர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் படங்களைப் போட்டேன். கிழித்துத் தொங்கவிட்டார்கள். "பழமையைக் கொலை செய்கிறாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சார், நான் கொலை செய்ய நினைத்தது பழமையை இல்லை என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

ஏசியை மட்டும் நானே பொருத்தத் துணியவில்லை. குறிஞ்சிப்பாடியில் வேன்களுக்கு ஏசி வேலை செய்யும் ஒருவரிடம் போனேன். அவர் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் வலைத்தட்டை வைத்து, அதற்கும் முன்னால் ஒரு ஃபேன் வைத்துக் கட்டினார். கட்டிவிட்டுச் சொன்னார்: "ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆவாது தம்பி. நின்னாதான் பிரச்சன. இதுக்கு எதுத்தாப்ல காத்து வந்துகிட்டே இருக்கணும். மொகத்த மட்டும் அடைச்சிடாத."

அம்மாவை உட்கார வைத்து அன்றைக்கே சிதம்பரம் ரோட்டில் அறுபதில் ஓட்டினேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டாள். "கொறைடா, காதடைக்குது" என்றாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மார்க் எதுவும் அதற்கு ஈடில்லை. அப்புறம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு, வடலூருக்கு, பாண்டிச்சேரிக்கு. எங்கே போனாலும் குளிர்தான். விசேஷம் மட்டும்தான் பாக்கி.

இந்த ஆவணியில் அதுவும் வந்தது. மாமாவின் மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, கல்யாணம். பெண்ணும் சிதம்பரம்தான். ஒருநாள் மாமாவே போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்வது வழக்கமே இல்லை.

"மாப்ள, எப்டிடா இருக்க? ஒண்ணுமில்ல… அந்த அம்பாசிடரு ஓடுதா இன்னும்?"

"ஓடுது மாமா. ஏன்?"

"சம்மந்தி வூட்டுல மாப்ள அழைப்புக்குப் பழைய காருதான் வேணுங்கறாங்கடா. போட்டோக்காரன் சொல்லிக் குடுத்துட்டான் போல. இப்ப அதான் ட்ரெண்டாம். என் வண்டி வேணாங்கறாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல வைக்கலாமா என்று யோசித்தேன். "சரியா கேக்கல மாமா" என்றேன். பாவம், திரும்பவும் சொன்னார். இன்னொரு தடவையும் கேட்டிருப்பேன், அம்மா எதிரில் உட்கார்ந்து முறைத்தாள்.

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். ஊர்வலத்தில் அம்மா முன்சீட்டில் உட்காருவாள். மண்டப வாசலில்தான் நிறுத்துவேன்.

"உன் வண்டி, எங்க வேணா நிறுத்துடா" என்றார். தம் வாயாலேயே.

மாப்பிள்ளை அழைப்பு எப்படி நடக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, அலங்கரித்த காரில் ஏற்றி, முன்னால் நாதஸ்வரமும் பேண்டும் வாசிக்க, மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். கார் ஊர்ந்துதான் போகும். தெருமுனைக்குத் தெருமுனை நிற்கும், வெடி வெடிக்கும், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆடுவார்கள். அரை கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இது எனக்கும் தெரியும். பத்து ஊர்வலத்தில் நானே ஆடியிருக்கிறேன். ஆனால் ஏசி வைத்ததிலிருந்து நான் வண்டியை அறுபதிலேயே ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். நடை வேகத்தில் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கீழ வீதிப் பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டிக்கு முகமே இல்லை. தெர்மகோலில் இடுப்பு உயர இதயம் ஒன்று வெட்டி, அதில் ரோஜாவாகக் குத்தி, இரண்டு பேருடைய முதலெழுத்தையும் செவ்வந்தியில் எழுதி, கிரில் முழுவதையும் மூடிக் கட்டிவிட்டார்கள். இரண்டு முகவிளக்குக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடம் இல்லை.

"இதைக் கொஞ்சம் மேல ஏத்திக் கட்டுங்கண்ணே" என்று பூக்காரரிடம் சொன்னேன். மாமா பின்னாலிருந்து கேட்டார்: "ஏன்டா, என்னா பிரச்சன? வண்டி தாங்காதா?"

தாங்காது என்று சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு நான் நாக்கை அறுத்துக்கொள்ளலாம். "அதெல்லாம் தாங்கும் மாமா" என்றேன்.

கிளம்பினோம். அம்மா முன்சீட்டில், மாம்பழக் கலர் பட்டில். பின்னால் மச்சான் வெள்ளைக் கோட்டில், அவனுடைய கூட்டாளி ஒருவனோடு. மாமா காருக்கு முன்னால் நாதஸ்வரத்தோடு நடந்தார். பட்டுச் சட்டை, தோளில் பட்டுத் துண்டு, கழுத்தில் மாலை. மழை வரப்போகிற மாதிரி ஒரு புழுக்கம், ஓர் இலை அசையவில்லை. கீழ வீதி திரும்புவதற்குள் அவர் சட்டையின் முதுகில் ஒரு பெரிய வட்டம் கறுத்தது. நான் ஏசியை இன்னும் ஒரு புள்ளி கூட்டினேன். அந்த வட்டம் இடுப்புவரை பரவுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே போனேன். இவ்வளவு அழகான காட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தெற்கு வீதியில் கூட்டாளிகள் ஆட ஆரம்பித்தார்கள். பின்சீட்டில் இருந்தவனும் இறங்கி ஓடினான். வண்டி நின்றுவிட்டது. மாமா நடந்து நடந்து களைத்துப்போய்ப் பின்கதவுப் பக்கம் வந்தார். சர்க்கரை உடம்பு, கால் வீங்கும். காலியான இடத்தைக் கண்ணாடி வழியே பார்த்தார். கையை நீட்டிக் கைப்பிடியைத் தொடப்போனார்.

நான் பொத்தானைத் தட்டினேன். 'டொக்.'

இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். என் ஜன்னலுக்கு வந்து தட்டினார். இரண்டு அங்குலம் இறக்கினேன்.

"கதவ தொறடா மாப்ள, கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்."

"லாக்கு சிக்கிக்கிச்சு மாமா. ஒயர் பிரச்சன. மண்டபத்துல போய்த்தான் பாக்கணும்."

"கண்ணாடி மட்டும் எறங்குது?"

"அது வேற ஒயர்."

அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பக்கத்துக் கதவின் பூட்டுக் குமிழை விரலால் தூக்கினாள், கதவைத் திறந்தாள், இறங்கிவிட்டாள்.

"வாடா, நீ உக்காரு. நான் பொம்பளைங்களோட நடந்து வர்றேன். எனக்கும் உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குது."

நான் ஏதாவது சொல்வதற்குள் மாமா அந்தச் சீட்டில் இருந்தார். என் அம்மாவுக்காக இரண்டு வருஷம் படுத்து உருண்டு செய்த சீட்டில். கால்களை நீட்டி, துண்டால் கழுத்தைத் துடைத்து, காற்று வரும் துவாரத்தைத் தன் மார்புக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, "அப்பாடா… ஜில்லுனு இருக்குடா மாப்ள" என்றார்.

அப்போதுதான் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். சிவப்பைத் தொட ஒரு நூல்தான் பாக்கி.

எனக்குத் தெரியும், தெர்மகோலைப் பிய்த்து எறிந்தால் சரியாகிவிடும். ஏசியை அணைத்தாலும் சரியாகிவிடும். ஏசியை அணைத்தேன். ஜன்னலை முழுசாக ஏற்றினேன்.

இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். முள் மெல்ல இறங்கியது. உள்ளே சூடு ஏறியது.

"ஏசி வரலியேடா?"

"அணைச்சிட்டேன் மாமா. முன்னாடி பூ அடைச்சிக்கிட்டு இருக்கு. ஏசி போட்டா இன்ஜின் கொதிச்சி நின்னுடும்."

"அப்ப கண்ணாடிய எறக்கு."

"வெடிப் புகை உள்ள வரும். மச்சான் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கான்."

பின்னாலிருந்து மச்சான் முனகினான்: "மச்சான், மேக்கப்பு கரையுதுடா. கண்ணுல எறங்குது."

"பாத்தீங்களா மாமா" என்றேன். எனக்கும் வியர்த்துக் கொட்டியது, ஆனால் எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. "பூ இருந்தா ஏசி கெடையாது. பூவ எடுத்தா போட்டோ நல்லா இருக்காது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். தலைமுடிச் சாயம் கரைந்து காதோரமாக ஒரு கோடு இறங்கியது. வெளியே போட்டோக்காரர் பின்னோக்கி நடந்துகொண்டே அந்த ரோஜா இதயத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மாமா இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப் பிடித்தார். அப்புறம் சொன்னார்:

"பிச்சிப் போட்றா."

"என்னா மாமா?"

"பூவப் பிச்சிப் போடுன்னேன்!"

தெற்கு வீதி நடுவில் இறங்கி, பேண்டு வாசிக்க வாசிக்க, அந்த இதயத்தை இரண்டு கையாலும் பிய்த்தேன். தெர்மகோல் உடையும் சத்தம் பல்லைக் கூசவைத்தது, எனக்கு அதுவும் பிடித்திருந்தது. போட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சம்மந்தி வீட்டார் "என்னாச்சு, என்னாச்சு" என்று ஓடி வந்தார்கள். மாமா சொன்னதாகச் சொன்னேன். பொய் இல்லையே.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் மறுபடி ஏறினேன். ஏசி வந்தது. மேல வீதி மண்டபம் வருவதற்குள் மாமாவின் சட்டை காய்ந்துவிட்டது. வாசலில் நிறுத்தியதும், சீப்பை எடுத்துத் தலையை வாரி, துண்டைச் சரி செய்துகொண்டு, விளக்கு வெளிச்சத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் அவர் இறங்கினார். அம்மா பத்தடி பின்னால் வந்தாள். பட்டுப்புடவை முதுகில் ஒட்டியிருந்தது. குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது.

அன்றைக்கு ராத்திரி நான் வண்டியிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் முகூர்த்தம், சாப்பாடு எல்லாம் முடிந்து பகலில் ஊருக்குக் கிளம்பினோம். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அம்மா கேட்டாள்.

"கதவ ஏன்டா பூட்டுன?"

சொன்னேன். இரண்டு வருஷக் கதையையும், காஸ் சிலிண்டரையும், பாத்திரத் தண்ணீரையும் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அதுக்கா? அத அன்னிக்கே நான் கேட்டுட்டனேடா. பந்தி முடிஞ்சதும் அவனக் கூப்புட்டு, அவன் பொண்டாட்டி எதுருக்கவே காதப் புடிச்சித் திருகுனேன். தப்புதான்க்கான்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டான்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலியே. நீ பாட்டுக்கு வண்டிக்கு அடியில கெடந்த. புள்ள சந்தோஷமா இருக்கான்னு வுட்டுட்டேன்."

"என்கிட்ட அவர் அழலையே" என்றேன்.

"உன்கிட்ட ஏன்டா அழுவணும்?"

"என் வண்டிய டப்பான்னாரு. உன்னப் பின்வாசல்ல போகச் சொன்னத நான் நின்னு பாத்தேன். அது உன் ஒருத்தியோட விஷயமா?"

அம்மா காற்று வரும் துவாரத்தை என் பக்கம் திருப்பிவிட்டாள். புதுச்சத்திரம் வந்தபோது போன் அடித்தது. வண்டியின் ஸ்பீக்கரிலேயே மாமா பேசினார்.

"மாப்ள, எங்கடா இருக்கீங்க? மறுவீட்டுக்குப் பொண்ணு மாப்பிள்ளைய அந்தக் காருலதான் அனுப்பணுங்கறாங்க. பொண்ணுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சாம்."

"கடலூர் வந்துட்டோம் மாமா" என்றேன்.

"பொய் சொல்றான்டா. புதுச்சத்திரத்துலதான் இருக்கோம்" என்றாள் அம்மா, கூரையில் இருந்த மைக்கைப் பார்த்துச் சத்தமாக. "வரச் சொல்றேன், இரு."

வண்டியை ஓரம் கட்டினேன்.

"வர்றேன் மாமா. ஆனா அம்மாதான் முன்னாடி உக்காருவாங்க. சம்மந்தி வூட்டு வாசல்ல வண்டி நின்னதும் நீங்க வந்து கதவ தொறந்து விடணும். அம்மா எறங்கணும். எல்லாரும் பாக்கணும்."

மண்டபத்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த யாரையோ மாமா தள்ளிப் போகச் சொல்வது ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு, "நேத்து லாக்கு சிக்கலன்னு எனக்குத் தெரியும்டா" என்றார்.

"தெரிஞ்சா நல்லதுதான் மாமா."

"திமிரு ஜாஸ்திடா உனக்கு. வா, தொறந்து விடுறேன்."

அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். நான் வண்டியைத் திருப்பினேன்.

மண்டபத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டோம், மாமா தன் வண்டியில் முன்னால் போனார். பெண் வீடு வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். வாசல் நிறையச் சனம், ஆரத்தித் தட்டோடு பெண்கள். மூன்று மணி வெயில். மாமா சொன்ன மாதிரியே வந்தார். கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார். அம்மா முதலில் ஒரு காலை வைத்து, பிறகு கொசுவத்தை உதறிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கினாள். முகம் அப்போதுதான் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. மாமா பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன்.

"இந்தப் பைத்தியம் சொல்லுதுன்னு நீயும் வந்து தொறக்குற பாரு" என்று அம்மா அவரிடம் தணிந்த குரலில் சொன்னாள். இருவரும் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். அக்காளும் தம்பியும் சிரிக்கட்டும். நான் சிரிக்கவில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி உள்ளே போனதும், யாரோ ஒருவர், "தம்பி, வண்டிய கொஞ்சம் ஓரமா…" என்றார். எனக்குக் காது கேட்கவில்லை. நடு வாசலிலேயே இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, டிபன் சாப்பிடப் போனேன்.